எகிப்து வழக்கில் நான் தோற்ற நாள்

1992ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில், யாழ்ப்பாணத்தில் பருத்தித்துறைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை ஆண்டு விழாவில், நான் ஒரு வழக்கில் தோற்றேன். வழக்கு என்றதும் காணிச் சண்டை, வேலிச் சண்டை என்று நினைத்துவிடாதீர்கள். லண்டனில் இருக்கும் ஒரு கல்லும் ஜெர்மனியில் இருக்கும் ஓர் எகிப்து அரசியின் தலைச்சிலையும் யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு. யுத்தத்தாலும் பொருளாதாரத் தடையாலும் ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்கு நாள் முழுக்க வரிசையில் நின்ற காலத்தில் எங்கள் சனத்துக்கு இப்படியும் ஒரு கவலை! ஆனால் அதில் நான் தோற்றதால் எங்கள் வீட்டில் நடந்ததை, இத்தனை வருடம் கழிந்தும் யாரிடமாவது சொல்லாமல் இருக்க முடிவதில்லை.

முதலில் எங்கள் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் காங்கேசன்துறைப் பக்கம். நான் பல்கலைக்கழகத்துக்குப் போன வருடமே அப்பா காலமாகிவிட்டார். தங்கை அப்போதுதான் நடை பழகியிருந்தாள். எனக்கும் அவளுக்கும் வயதில் அவ்வளவு வித்தியாசம். ஊரில் அதை வைத்துப் பகிடி பண்ணாதவர்கள் இல்லை. அம்மா காலால் மிதிக்கும் ஒரு தையல் மெசினை வைத்துக்கொண்டு, ஊர்ப் பெண்களுக்குச் சட்டை தைத்தே எங்கள் இருவரையும் பார்த்தார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கி நான் வரலாறு படித்து முடித்தது அந்த மெசினின் உழைப்பில்தான். அதன் பலகை ஓரத்தில் அம்மா ஊசிமுனையால் அங்குலக் கோடுகள் கீறி வைத்திருந்தார். அளவு நாடாவைத் தேடி நேரத்தை வீணாக்குகிற ஆள் இல்லை அவர்.

தொண்ணூறாம் ஆண்டு ஆனி மாதம் செல்லடி தொடங்கி, வீடுகளுக்கு மேல் குண்டு விழுந்ததும் ஊரே கிளம்பியது. வடமராட்சிப் பக்கமிருந்து சனத்தை ஏற்ற வந்த ஒரு ட்ரக்டரில் வயதானவர்களையும் மூட்டை முடிச்சுகளையும் ஏற்றினார்கள். அம்மா கெஞ்சிக் கேட்டு மெசினையும் அதில் ஏற்றிவிட்டார். எங்களுக்கு இடம் இருக்கவில்லை. நாங்கள் சைக்கிளில் பின்னால் வருவதாக ஏற்பாடு.

“எங்கை அக்கா இறக்கிறது?” என்று ட்ரக்டர் ஓட்டி வந்தவர் கேட்டார்.

“பிள்ளையார் கோயிலடியிலை இறக்கிப்போட்டு நில்லுங்கோ தம்பி, நாங்கள் வாறம்” என்றார் அம்மா.

யாழ்ப்பாணத்தில் பிள்ளையார் கோயிலடி என்று இடம் சொல்வதும் ஒன்றும் சொல்லாமல் விடுவதும் ஒன்றுதான். சந்திக்குச் சந்தி ஒரு பிள்ளையார் இருப்பார். அம்மா நினைத்தது அச்சுவேலி தாண்டி இருந்த கோயிலை. போகிற அவசரத்தில் எந்தப் பிள்ளையார் என்று அவரும் சொல்லவில்லை, அந்த மனிதரும் கேட்கவில்லை. வழியில் செல்லடிக்குப் பயந்து ஒரு தேவாலயத்தில் ஒதுங்கிவிட்டு நாங்கள் மறுநாள் போய்ப் பார்த்தால், கோயிலடியில் ட்ரக்டரும் இல்லை, மெசினும் இல்லை. அதில் ஏறிப் போனவர்களைப் பிறகு கண்டு விசாரித்தோம். எல்லாரும் வழியிலேயே சொந்தக்காரர் வீடுகளில் இறங்கிவிட்டார்களாம்; மெசினோடு ட்ரக்டர் அப்பால் போனதாம்.

“உவன் கொண்டுபோய் வித்திருப்பான்” என்று மாமா முடித்துவிட்டார். பெயர் தெரியாத அந்த மனிதருக்கு எங்கள் சொந்தத்துக்குள் விழுந்த திட்டுக்குக் கணக்கே இல்லை. அம்மா மட்டும் ஒன்றும் சொல்லமாட்டார். ஆனால் தெருவில் ட்ரக்டர் சத்தம் கேட்டால் வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பார்.

அதற்குப் பிறகு அம்மா கையால் தைத்தார். திருநெல்வேலியில் ஒரு வீட்டின் ஒரு அறைக்குள் நாங்கள் இருந்த காலம் முழுவதும், வெளிச்சம் இருக்கும்வரை வாசற்படியில் உட்கார்ந்து ஊசியால் குத்திக்கொண்டே இருப்பார். மெசினில் ஒரு காலை நேரத்தில் முடிகிற வேலை கையில் இரண்டு மூன்று நாள் இழுக்கும். விரல் நுனியெல்லாம் சல்லடை. பருத்தித்துறைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் என்னைத் தொண்டர் ஆசிரியையாக எடுத்தார்கள். பெயரிலேயே தொண்டு இருக்கிறது, சம்பளத்தைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் ஒன்றுவிட்ட அக்கா, தன் வீட்டுச் சுவரோடு சரித்து இறக்கியிருந்த சாய்ப்பைத் தங்குவதற்குத் தந்தார். தொண்ணூற்றிரண்டில் தைப்பொங்கல் கழித்துத்தான் அங்கே போய்ச் சேர்ந்தோம்.

இனி வழக்குக்கு வருகிறேன். ஆண்டு விழா என்றால் முந்திய காலத்தில் விடிய விடிய நாடகம் நடக்கும். இப்போது கரண்டும் இல்லை, இரவில் கூட்டம் கூட்டவும் பயம். அதனால் பின்னேரத்தில் ஒரு வழக்காடு மன்றம் வைக்கலாம் என்று வாசிகசாலைக்காரர் முடிவெடுத்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பட்டிமன்றம் மாதிரித்தான், ஆனால் நீதிமன்றம் போலவே நடக்கும். நீதிபதி இருப்பார், இரண்டு பக்கமும் வழக்கறிஞர்கள் இருப்பார்கள், கடைசியில் தீர்ப்பு வரும். எங்கள் சனத்துக்கு இதில் தனி ருசி.

எதை வழக்காக எடுப்பது என்பதுதான் சிக்கல். அந்தக் காலத்தில் உள்ளூர் விஷயம் எதைத் தொட்டாலும் யாருக்காவது குத்தும். யோசித்து யோசித்து எகிப்தைப் பிடித்திருக்கிறார்கள். செயலாளர் எங்கள் சாய்ப்பு வாசலில் வந்து நின்றார்.

“எகிப்தின்ரை சாமான் வெளிநாட்டு மியூசியங்களிலை இருக்கு. திருப்பிக் குடுக்கோணுமோ இல்லையோ எண்டதுதான் வழக்கு. எகிப்தெண்டால் இஞ்சை ஒருத்தருக்கும் நோகாது பாருங்கோ. டீச்சர், நீங்கள் மியூசியத்தின்ரை பக்கம் கதைக்கோணும்.”

“ஏன் நான் அந்தப் பக்கம்?”

“மற்றவை எல்லாரும் எகிப்தின்ரை பக்கம்தான் வேணும் எண்டு நிக்கினம்” என்று அவர் தலையைச் சொறிந்தார். ஊருக்குப் புதியவள் நான். மிஞ்சியதைத்தானே எனக்குத் தருவார்கள். ஓம் என்றுவிட்டேன்.

வாசிகசாலையில் செல்லரித்த ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்று கிடந்தது. அதையும் பழைய சஞ்சிகைகளையும் வைத்து ஆயத்தம் செய்தேன். லண்டனில் இருக்கும் அந்தக் கல்லில் ஒரே செய்தி மூன்று விதமான எழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. பிரெஞ்சுப் படையினர் எகிப்தில் கண்டெடுத்ததை, போரில் வென்ற ஆங்கிலேயர் லண்டனுக்குக் கொண்டுபோனார்கள். அதை வைத்துத்தான், ஒருவருக்கும் விளங்காமல் கிடந்த பழைய எகிப்து எழுத்தை வாசிக்கக் கற்றார்கள். அரசியின் தலையோ மண்ணுக்குள் இருந்து ஜெர்மன்காரர் தோண்டியெடுத்தது. கிடைத்ததைப் பங்கு பிரிக்கும்போது அதன் அருமையை மறைத்துவிட்டார்கள் என்று எகிப்து பல காலமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிறது. படிக்கப் படிக்க எனக்கே எகிப்தின் பக்கம் போய்விடலாம் போல இருந்தது.

விழா அன்று மேடையைப் பார்த்துச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யாரோ வீட்டு அம்மிக்கல்லைக் கவிழ்த்து வைத்து, சுண்ணாம்பால் கோழிக் கிறுக்கலாக எழுதி, அதுதான் கல் என்றார்கள். ஒரு மண்பானைக்கு மூக்கும் முழியும் கீறி, தலையில் ஒரு பூச்சாடியைக் கவிழ்த்து, அரசி என்றார்கள். நீதிமன்றத்தில் எழுதுவினைஞராக இருந்து இளைப்பாறிய ஐயா ஒருவர் நீதிபதி. அந்த வெக்கையிலும் கறுப்புக் கோட்டைக் கழற்றவில்லை அவர். எகிப்தின் வழக்கறிஞர் ஒரு டியூட்டரியில் கணக்குப் படிப்பிக்கிறவர். அவருக்கு ஒலிபெருக்கி தேவையில்லை, நல்லவேளை, ஒலிபெருக்கி இருக்கவும் இல்லை.

அவர் முதலில் எழும்பி, “பிறத்தியாரின்ரை வீட்டுக்குள்ளை பூந்து எடுத்ததுக்குப் பேர் களவு” என்று முழங்கிவிட்டு உட்கார்ந்தார். நான் எழும்பினேன்.

“ஐயா, அவை எடுக்கேக்கை அது ஒரு பழைய கோட்டைச் சுவரிலை கட்டிடக் கல்லோடை கல்லாக் கிடந்தது. எடுத்தவை தூசு தட்டினவை, கண்ணைக் குடுத்துப் படிச்சவை, அதிலை என்ன எழுதியிருக்கு எண்டு முழு உலகத்துக்கும் சொன்னவை. ஒரு பொருள் பெத்தவளுக்கு மட்டும்தான் சொந்தமோ? வளத்தவளுக்கு ஒண்டும் இல்லையோ?”

கைதட்டல் விழுந்தது. எனக்கும் கொஞ்சம் தலைக்கு ஏறிவிட்டது. இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தபோது தூரத்தில் குண்டு போடும் பொம்மர் விமானத்தின் சத்தம். நீதிபதி ஐயா மேசையில் தட்டி, “வழக்கு ஒத்திவைக்கப்படுகிறது” என்றுவிட்டு முதல் ஆளாகப் பக்கத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் இறங்கினார். கறுப்புக் கோட்டோடுதான்.

பங்கருக்குள் என்னோடு நெருக்கிக்கொண்டு ஒரு பெண் இருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும், நெற்றி வெறுமையாக இருந்தது, மடியில் ஆறு வயது மதிக்கத்தக்க மகள். எனக்கு அவரைத் தெரியாது.

“டீச்சர், நீங்கள் வெல்லுவியளோ?” என்று மெதுவாகக் கேட்டார்.

“தெரியேல்லை அக்கா. அந்த மாஸ்டரின்ரை தொண்டையைப் பாத்தா வெல்லமாட்டன் போல கிடக்கு.”

அவர் சிரிக்கவில்லை. “நான் உங்கடை பக்கம்தான். நீங்கள் வெல்லோணும் எண்டு நேந்துகொண்டு இருக்கிறன்” என்றார். ஒரு விளையாட்டு வழக்குக்கு இவ்வளவு ஏக்கமா என்று எனக்கு வியப்பாக இருந்தது. விமானம் எங்கேயோ போய்விட, எல்லாரும் மண்ணைத் தட்டிக்கொண்டு மேலே வந்தோம்.

கணக்கு மாஸ்டர் விட்ட இடத்திலிருந்து பிடித்தார். நேரே என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

“டீச்சர் காங்கேசன்துறைப் பக்கத்தாலை இடம்பெயர்ந்து வந்தவா. உங்களிட்டை ஒண்டு கேக்கிறன். நீங்கள் விட்டிட்டு வந்த ஒரு சாமானை ஆரோ எடுத்துத் துடைச்சு மினுக்கி வைச்சிருக்கினம் எண்டு வைப்பம். அது அவைக்குச் சொந்தமோ?”

அங்கே இருந்தவர்களில் பாதிப் பேர் எதையாவது எங்கேயாவது விட்டுவிட்டு வந்தவர்கள். எனக்கு அம்மாவின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. ஆனால் மேடையில் நின்று முழிக்க முடியுமா? வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

“சொந்தமோ இல்லையோ எண்டது பிறகு மாஸ்டர். என்ரை சாமானைத் துடைச்சு மினுக்கி வைச்சிருந்தவையைக் கண்டால், முதல்லை அவையைக் கும்பிடுவன்.”

சனம் ஆரவாரம் செய்தது. மெய்யாகச் சொல்கிறேன், கைதட்டலுக்காகத்தான் அதைச் சொன்னேன்.

கடைசியில் நீதிபதி ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்பைச் சொன்னார். “பொருள் எகிப்தின்ரை. அதிலை இந்த மன்றத்துக்குச் சந்தேகம் இல்லை. கையிலை வைச்சிருக்கிறவை சுணக்காமல் திருப்பிக் குடுக்கோணும். ஆனா, வாங்க வாறவையும் கள்ளர் எண்டு பேசிக்கொண்டு வரக்கூடாது. டீச்சர் சொன்ன மாதிரி, கும்பிட்டு, நன்றி சொல்லித்தான் வாங்கோணும்.” மேசையில் தட்டினார். நான் தோற்றேன். கூட்டம் கலைவதற்குள் ஒரு அம்மா மேடையில் ஏறி, “தீர்ப்புத்தான் சொல்லியாச்சே, என்ரை அம்மியைத் தாங்கோ, சம்பல் அரைக்கோணும்” என்று கல்லைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பங்கருக்குள் இருந்த பெண்ணை மட்டும் அதற்குப் பிறகு காணவில்லை.

மறுநாள் காலையில் அவர் எங்கள் சாய்ப்பு வாசலில் நின்றார். அம்மா உள்ளே இருந்து கையால் ஒரு பாவாடைக்கு விளிம்பு தைத்துக்கொண்டிருந்தார். உள்ளே வரச் சொல்லியும் அந்தப் பெண் வரவில்லை.

“டீச்சர், உங்கடை ஊர்ப் பக்கத்துச் சாமான் ஒண்டு எங்கடை வீட்டிலை இருக்கு. ஆருக்குச் சொந்தம் எண்டு தெரியாது. உங்களுக்குத்தான் அந்தப் பக்கத்து ஆக்களைத் தெரியும். ஒருக்கா விசாரிச்சுச் சொல்லுவியளோ?”

“என்ன சாமான் அக்கா?”

“தையல் மெசின்.” சொல்லிவிட்டு நிலத்தைப் பார்த்தார். “என்ரை அவர் ட்ரக்டர் வைச்சிருந்தவர். உங்கடை பக்கம் சனத்தை ஏத்தப் போன நேரம் ஒரு அம்மா இதை ஏத்திவிட்டவாவாம். பிள்ளையார் கோயிலடியிலை நிக்கச் சொன்னவாவாம். இவர் நெல்லியடிப் பிள்ளையாரடியிலை பொழுதுபடுமட்டும் நிண்டவர். பிறகும் எத்தினையோ நாள் போய்ப் போய் நிண்டு பாத்தவர். ஒருத்தரும் வரேல்லை.”

அது எங்கள் மெசின்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொல்லிக்கொண்டே போனார். “ஆரும் கேட்டு வருவினம், ஒண்டையும் கிண்டாதை எண்டு சொல்லிப்போட்டுத்தான் வைச்சவர். போன வருசம் காய்ச்சல் வந்து, மருந்தில்லாமல் கண்ணை மூடிட்டார். அதுக்குப் பிறகு எனக்கும் வழி இல்லை டீச்சர். அயலுக்குத் தைச்சுக் குடுத்துத்தான் பிள்ளையைப் பாக்கிறன். நீங்கள் நேற்றுக் கதைக்கேக்கை எனக்குப் பெரிய ஆறுதல். வளத்தவளுக்கும் சொந்தம் எண்டியள். நீங்கள் வெண்டா நான் வைச்சிருக்கலாம் எண்டு நினைச்சன். ஆனா தீர்ப்பு மற்றப் பக்கம் சொல்லிப்போட்டினம் தானே. இனி வைச்சிருக்கக் கூடாது.”

“அக்கா, அது சும்மா விளையாட்டுக்கு நடந்த வழக்கு” என்று எப்படியோ சொன்னேன்.

“விளையாட்டெண்டாலும் ஐயா சரியாத்தானே சொன்னவர்” என்றார் அவர்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். எங்கள் மெசினை அவர் வைத்திருக்கலாம் என்று முழு ஊருக்கு முன்னால் நான் வாதாடியிருக்கிறேன். அதை உரியவர்களிடம் திருப்பித் தர வேண்டும் என்று எழும்பி வந்திருக்கிறார் அவர்.

“மெசினின்ரை இழுக்கிற லாச்சிக்குள்ளை ஒரு சின்னப் பிள்ளையின்ரை சட்டை பாதி தைச்சபடி இருக்கு” என்று அவர் அடையாளம் சொல்லத் தொடங்கினார். “அதை ஆரும் சொன்னால்...”

“மஞ்சள் துணியோ?” உள்ளேயிருந்து அம்மாவின் குரல். ஊசிச் சத்தம் கேட்காது என்பார்கள். அம்மா தைப்பதை நிறுத்தியது அன்று எனக்குக் கேட்டது. “நீலப் பூப் போட்டதோ? ஒரு கை பொருத்தியிருக்கு, மற்றக் கை பொருத்தேல்லை. அப்பிடியோ பிள்ளை?”

அந்தப் பெண் வாசற்கட்டையைப் பிடித்துக்கொண்டார். “ஓம் அக்கா” என்றார்.

அன்றைக்கே போனோம். கடற்கரைப் பக்கம் ஒடுங்கிய மணல் ஒழுங்கை ஒன்றில் ஓலை வேலி போட்ட சின்ன வீடு. முற்றத்தில் ட்ரக்டர் நின்றது. மண்ணெண்ணெய் இல்லாமல் நிறுத்தியதுதானாம், அதன் பின்பெட்டிக்குள் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. உள்ளே, யன்னலோரத்தில், வெளுத்த வேட்டி ஒன்றால் மூடியபடி எங்கள் மெசின். அம்மா வேட்டியை நீக்கிவிட்டு, கண்ணால் பார்க்காமலே பலகை ஓரத்தைத் தடவினார். அங்குலக் கோடுகள் விரலில் பட்டதும் அழத் தொடங்கினார். நான் அம்மாவை அப்படி அழக் கண்டதில்லை. அப்பா போனபோதுகூட எங்களுக்காக அடக்கிக்கொண்டவர்.

அந்தப் பெண் லாச்சியைத் திறந்தார். தங்கையின் ஆறாவது பிறந்தநாளுக்கென்று தொடங்கிய சட்டை, அம்மா விட்ட மடிப்புக் குலையாமல், குத்திய ஊசியோடு அப்படியே இருந்தது. தங்கைக்கு இப்போது எட்டாவது வயது நடக்கிறது, அது அவளுக்குக் கொள்ளாது. ஆனால் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வீட்டுச் சின்னப் பெண்ணுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருக்கும். அவள் போட்டிருந்த சட்டையோ மூன்று இடத்தில் ஒட்டுப் போட்டது. துணி என்பது கண்ணால் காணக் கிடைக்காத காலம். தையல் தெரிந்த தாய், கையில் மெசின், லாச்சிக்குள் துணி. ஒரு கை பொருத்தினால் போதும்.

அம்மாவும் அதைத்தான் பார்த்தார். “ஏன் பிள்ளை, இவளுக்கு இதைத் தைச்சுப் போட்டிருக்கலாமே?”

“அது வேறை பிள்ளையின்ரை சட்டை எல்லோ அக்கா” என்றார் அவர், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லாதது போல.

அம்மா எழும்பி முற்றத்துக்குப் போனார். எங்கே போகிறார் என்று பார்த்தால், அந்த ட்ரக்டரின் ஸ்டியரிங் பிடியை இரண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மாமாவும் மற்றவர்களும் திட்டித் தீர்த்த மனிதர் நாள் நாளாகப் பிடித்துக்கொண்டு எங்களுக்காகக் காத்து நின்ற பிடி அது. முதல் நாள் மேடையில் நான் பகட்டுக்குச் சொன்னதை, விழாவுக்கே வராத அம்மா, ஒருவரும் சொல்லாமலே செய்தார்.

அதற்குப் பிறகு நடந்தது இன்னொரு வழக்கு. அந்தப் பெண் பக்கத்து வீட்டுக் கை வண்டியை ஏற்கனவே சொல்லி வைத்திருந்தார். “கொண்டுபோங்கோ அக்கா.”

“நீ என்ன செய்வாய்?”

“அது என்ரை பாடு. தீர்ப்பெண்டா தீர்ப்புத்தான்.”

“தீர்ப்பு இருக்கட்டும். எங்கடை சாய்ப்புக்குள்ளை மெசின் வைக்க இடம் இல்லை பிள்ளை. இது இஞ்சையே நிக்கட்டும். நான் வந்து வந்து தைக்கிறன்.”

சாய்ப்பில் இடம் இருந்தது. வாசலுக்குப் பக்கத்தில், நல்ல வெளிச்சமான இடம். எப்போதாவது மெசின் வந்தால் வைக்கலாம் என்று அம்மாவே எனக்குக் காட்டிய இடம். பொய் சொல்ல வராத அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு அதைச் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கொண்டுபோங்கோ, நிக்கட்டும் என்று இரண்டு பேரும் மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொருள் எனக்கு எனக்கு என்று சண்டை பிடிக்கிற உலகத்தில், உனக்கு உனக்கு என்று சண்டை பிடித்த இருவரை நான் பார்த்தேன். கடைசியில் கை வண்டி வெறுமையாகப் போனது.

அம்மாவுக்கு ஒரே ஒரு முறைப்பாடுதான் இருந்தது. மெசின் எண்ணெய் கிடைக்காமல் அந்தப் பெண் தேங்காய் எண்ணெய் விட்டிருந்தார். அது இறுகிப்போய் மெசின் முக்கி முனகியது. “இதுக்கு இது விடப்படாது பிள்ளை” என்று செல்லமாகப் பேசிக்கொண்டே, பொன்னாய்ப் போற்றிய மண்ணெண்ணெயில் கொஞ்சம் கொண்டுவரச் சொல்லி, ஒவ்வொரு பல்லாகத் துடைத்தெடுத்தார். துடைத்து முடித்ததும் முதல் வேலையாக மஞ்சள் சட்டையை எடுத்து, மற்றக் கையைப் பொருத்தி, அந்தச் சின்னப் பெண்ணுக்குப் போட்டுவிட்டார். அவள் அதைப் போட்டுக்கொண்டு ஒழுங்கை முழுக்க ஓடினாள். அவளுடைய அம்மா முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு குசினி அடுப்படிக்குள் போய்விட்டார்.

அன்று தொடங்கி ஒருவர் வெட்ட ஒருவர் தைக்க, அந்த யன்னலோரத்து உழைப்பில் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது. பள்ளிக்கூடம் முடிந்து போகும்போது இரண்டு பேரின் சிரிப்பும் ஒழுங்கை முனையிலேயே கேட்கும். தொண்ணூற்றைந்தில் சண்டை நின்று பேச்சுவார்த்தை நடந்த சில மாதங்களில் பாதை திறந்தபோது, நாங்கள் கொழும்புக்குப் போய் அங்கிருந்து வெளிநாடு வந்துவிட்டோம். மெசினை அம்மா அவரிடமே விட்டார். “நாங்கள் வந்து எடுக்கிறம்” என்றார். “எந்தப் பிள்ளையாரடியிலை நிக்க?” என்று அவர் கேட்டதும், அழுதுகொண்டு நின்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள்.

இப்போது நான் லண்டனில் இருக்கிறேன். என் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கல்லைப் பார்க்கப் போனேன். நான் அம்மிக்கல்லை வைத்து வாதாடிய கல் கண்ணாடிக்குள் கம்பீரமாக நின்றது. அதன் பக்கவாட்டில், எகிப்தில் பிரித்தானியப் படை கைப்பற்றியது என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததை வாசித்தேன். எங்கள் மெசினில் அந்தப் பெண் ஒரு கீறல்கூடப் போடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

“அம்மா, இது ஆருக்குச் சொந்தம்?” என்று மகள் கேட்டாள்.

“அதுக்கு இன்னும் வழக்கு நடக்குது” என்றேன். “நான் ஒருக்கா இந்த வழக்கிலை தோத்தனான். வா, அந்தக் கதையைச் சொல்லுறன்.”

தன் பிள்ளைக்கு அளவாக இருந்த சட்டையில், முகம் தெரியாத இன்னொரு பிள்ளைக்காகக் குத்தியிருந்த ஊசியை உருவாமல் வைத்திருந்தவரை நினைக்கும்போதெல்லாம், அன்று கைதட்டலுக்காக மேடையில் சொன்ன ‘கும்பிடுவன்’ என்ற சொல்லை, இன்றைக்கு ஒருவரும் கேட்காமலே, மனம் நிறைந்து எனக்குள் சொல்லிக்கொள்கிறேன்.